நாம் வாழும் ஊரின் ஏரி

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஏரி உலாக் குழுவின் சார்பில் ஆற்றப்பெற்ற உரை)

 

இசையரங்கும் நாடகமும் தொடர்ந்து வரவிருக்கும் இம்மாலையில், நீண்ட சொற்பொழிவைக் கேட்க எவருக்கும் பொறுமை இராது என்பதை நாங்கள் அறிவோம். ஆயினும், சென்ற ஆண்டு இச்சங்கம் எங்களிடம் ஒரு சிறு பணியை ஒப்படைத்தது. அதனைச் செய்து முடித்த விதத்தை அவைமுன் வைப்பது எங்கள் கடமை. ஏரியைப் பார்த்து வருக என்றீர்கள், பார்த்து வந்தோம். கண்டதைச் சொல்கிறோம். குறையிருப்பின் பொறுத்தருள வேண்டுகிறோம்.

ஏரி என்றால் எந்த ஏரி என்று இந்த அவையில் கேட்பார் எவரும் இலர். வாழையிலைக்கும் காப்பிப் பொடிக்கும் தொடுத்த பூவுக்கும் நாள்தோறும் 'லேக் மார்க்கெட்' சென்று வருகிறோம். அந்த அங்காடிக்குப் பெயர் கொடுத்த ஏரி, சதர்ன் அவென்யூவைக் கடந்தால் கண்ணில் படும் ரவீந்திர சரோவர்தான். எனினும் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பது ஆண்டுகளாக இந்நகரில் வாழ்கின்ற எங்களுள் சிலர், அந்த ஏரியை ஒருமுறையேனும் முழுதும் சுற்றி வந்ததில்லை. ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் காளிகாட்டுக்கும் தட்சிணேசுவரத்துக்கும் பேலூர் மடத்துக்கும் அழைத்துச் செல்கிறோம். வீட்டுக்கு அருகிலுள்ள நீரை நாமும் பார்ப்பதில்லை, அவர்களுக்கும் காட்டுவதில்லை.

இப்பணி எவ்வாறு எழுந்தது என்பதை முதலில் கூறிவிடுகிறோம். பொங்கல் விழாவை இம்முறை மண்டபத்துக்குள் நடத்தாமல், ஏரிக்கரையில் திறந்த வெளியில் நடத்தலாம் என்று செயற்குழுவில் ஒரு கருத்து வந்தது. கரையோரம் அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைப்பது, கோலமிடுவது, பெண்கள் கும்மியடிப்பது, ஒலிபெருக்கி வைத்துக் குழந்தைகளைப் பாடச் செய்வது, இவையே திட்டம். பலரும் மகிழ்ந்து வரவேற்றனர். ஓரிருவர் மட்டும், அங்கே அவ்வாறு செய்யலாகுமா என்று ஐயுற்றனர். வாதம் வளர்ந்தது. முடிவில், போய்ப் பார்த்து வந்து பேசுவோம் என்று எங்களைத் தெரிந்தெடுத்தீர்கள். பெரியவர் ஐவர், தாய்மார் நால்வர், சிறுவர் சிறுமியர் பதினொருவர் கொண்ட குழு அது. புரட்டாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பொழுது புலரும் வேளையில் நாங்கள் ஏரியின் வாயிலை அடைந்தோம்.

ஏரியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். இது இயற்கையாய் அமைந்த ஏரியன்று. 1920-களின் தொடக்கத்தில், கல்கத்தா மேம்பாட்டு டிரஸ்டு நகரின் தென்புறத்தில் சதுப்பும் புதரும் மண்டிக் கிடந்த 192 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தி இதனை வெட்டியது. அருகிலிருந்த தாழ்நிலங்களை மேடாக்கிச் சமன் செய்து குடியிருப்புகளும் சாலைகளும் அமைப்பதும் அத்திட்டத்தின் பகுதியே. ஆகவே, நாம் இன்று குடியிருக்கும் வட்டாரமும் இந்த ஏரியும் உடன்பிறப்புகள் எனலாம். மொத்தப் பரப்பில் நீர்ப்பரப்பு 73 ஏக்கர். எஞ்சியவை மரங்களும் புல்வெளிகளும் விளையாட்டிடங்களும். தாக்குரியா ஏரி என்று வழங்கிய இதற்கு, 1958-ல் கவி தாகூரின் நினைவாக ரவீந்திர சரோவர் என்று பெயர் சூட்டினர். தோண்டும்போது அகப்பட்ட பழைய பீரங்கிகளும், வெட்டுவதற்கு முன்பிருந்தே அங்கு நின்று இன்று தீவாகிவிட்ட மேட்டில் உள்ள பள்ளிவாசலும், அதனைக் கரையோடு இணைக்கும் 1926-ஆம் ஆண்டுத் தொங்கு பாலமும், 1935-ல் எழுந்த ஜப்பானியப் பௌத்தக் கோயிலும் ஒரே வளாகத்தில் காணக் கிடைக்கின்றன.

உள்ளே நுழைந்ததும் எங்கள் சிறுவர்களைக் கவர்ந்தவை துடுப்புப் படகுகளே. ஊசிபோல் நீண்டு மெலிந்த படகில் எட்டுப் பேர் அமர்ந்து ஒரே தாளத்தில் துடுப்பு வலிக்க, பின்முனையில் அமர்ந்த ஒருவர் குரல் கொடுத்துச் செலுத்துகிறார். படகு நீரைக் கிழிக்கும் ஓசையைத் தவிர வேறு ஓசையில்லை. 1858-ல் தோன்றிய கல்கத்தா ரோயிங் கிளப் உட்படத் துடுப்புப் படகுக் கழகங்கள் பல இக்கரையில் உள்ளன. நீச்சல் கற்பிக்கும் சங்கமும், கால்பந்து ஆடும் விளையாட்டரங்கமும் உண்டு. நடப்போர், ஓடுவோர், யோகாசனம் செய்வோர், வட்டமாக நின்று உரக்கச் சிரித்துப் பயிலும் முதியோர் என, காலை ஆறு மணிக்கு ஏரிக்கரையில் திருவிழாக் கூட்டம்.

அதே வேளையில் இன்னொரு கூட்டமும் அங்கே தன் தொழிலைத் தொடங்கியிருந்தது. தீவின் மரங்களில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. இரவெல்லாம் இரை தேடிய வக்காக்கள் கிளைகளில் கழுத்தைச் சுருக்கி உறங்கத் தொடங்கின. மீன்கொத்தி ஒன்று கரையோரக் கம்பியிலிருந்து நீருக்குள் பாய்ந்து மீண்டது. குக்குறுவானின் இடையறாத குரலைக் கேட்டு, ஊரில் தாத்தா தோட்டத்தில் கேட்ட குரல் இதுதான் என்று ஒரு சிறுவன் துள்ளினான். மாங்குயிலின் மஞ்சளைக் கண்டு சிறுமியர் வியந்தனர். குளிர்காலத்தில் இன்னும் பல பறவைகள் வெளியிடங்களிலிருந்து வந்து சேரும் என்று அங்கிருந்தோர் கூறினர். நாமும் வெளியிடத்திலிருந்து வந்தவர்கள்தாமே என்று எங்கள் குழுவின் மூத்த தாயார் சொல்ல, அனைவரும் நகைத்தோம்.

நகைப்பு நெடுநேரம் நீடிக்கவில்லை. தொங்கு பாலத்தருகே நின்றபோது, நீரின் மேற்பரப்பில் பெரிய மீன்கள் கூட்டமாக வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்டோம். பாவம், பசி போலும் என்று குழந்தைகள் பதறினர். நம் தாய்மார் ஒருவர், திருக்குளத்து மீன்களுக்குப் பொரியிடும் பழக்கத்தை மறவாதவர். கையோடு கொணர்ந்திருந்த பொரிப் பொட்டலத்தைப் பிரித்தார். குழந்தைகள் ஆளுக்கொரு பிடி அள்ளி எறிந்தனர். சிறிது நேரத்தில் பொரி நீரெல்லாம் வெண்மையாய் மிதந்தது. வெறும் பொட்டலமும் காற்றில் பறந்து நீரில் விழுந்தது.

அப்போது நடைப்பயிற்சிக்கு வந்த வங்காளப் பெரியவர் ஒருவர் எங்களருகே நின்றார். சினம் கொள்ளவில்லை. பொரி எறிந்துகொண்டிருந்த சிறுமியைப் பார்த்து, "மா, அவை பசியால் வாய் திறக்கவில்லை. மூச்சு முட்டுகிறது" என்றார். வங்காளத்தில் சிறு பெண்ணையும் 'மா' என்றே அழைப்பர்; நாமும் 'அம்மா' என்றழைப்பதில்லையா? அந்த ஒரு சொல்லால் அவர் எங்களுக்கு உறவாகிவிட்டார்.

அவர் விளக்கியதை எங்கள் மொழியில் கூறுகிறோம். நீரில் கரைந்துள்ள பிராண வாயுவையே மீன் சுவாசிக்கிறது. பகலில் நீர்ப்பாசியும் செடியும் வெயிலின் துணையால் அவ்வாயுவை உண்டாக்கி நீருக்குத் தருகின்றன. இரவில் அவையும் அதனைச் செலவிடும் பக்கத்தில் சேர்ந்துவிடுகின்றன. ஆதலால் விடியற்காலையில்தான் வாயு மிகக் குறைந்திருக்கும். வானம் மூடிப் புழுங்கும் நாட்களில் குறைவு இன்னும் மிகுதி. இந்நிலையில் நாம் எறியும் பொரியும் ரொட்டியும் பூவும் தின்னப்படாமல் அடியில் தங்கி அழுகுகின்றன. அழுகச் செய்யும் நுண்ணுயிர்களுக்கும் பிராண வாயு வேண்டும். அதாவது, நாம் அன்னமிடுவதாக எண்ணி, மீனின் மூச்சில் பங்கு கேட்கிறோம். ஓடும் ஆறாயின் அழுக்கு அடித்துச் செல்லப்படும். இந்த ஏரிக்குப் பாய்ந்து வரும் ஆறில்லை. பெரும்பாலும் மழையே வரத்து. உள்ளே விழுந்தது உள்ளேயே கிடக்கும்.

எங்கள் குழு தலைகுனிந்தது. பொரி கொணர்ந்த அம்மையார் கண் கலங்கினார். "புண்ணியம் என்று நினைத்தேனே" என்றார். பெரியவரோ, "எங்கள் வீட்டிலும் எறிந்தவர்கள்தாம். தெரிந்தபின் விட்டோம்" என்று ஆறுதல் கூறி, நீண்ட கழியொன்றால் அந்தப் பொட்டலத்தைத் தாமே கரையிலிழுத்து எடுத்துக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை எங்கள் சிறுமி வீடு வரை கையிலேயே வைத்திருந்தாள்.

அடுத்துத் துடுப்புப் படகுக் கழகம் ஒன்றின் வாயிலில் நின்றோம். எங்கள் குழுவிலிருந்த மற்றொரு தாயாரின் மகனுக்குத் துடுப்பு வலிக்கக் கற்க வேண்டுமென்று நெடுநாள் ஆசை. தாய் மறுத்து வந்தார். காரணத்தை இந்த அவையினர் அறிவீர்கள். 2022 மே மாதத்தில் ஒரு மாலை, பயிற்சியிலிருந்த பள்ளி மாணவர்களின் படகு, திடீரென எழுந்த கால்பைசாகிக் காற்றில் கவிழ்ந்தது. இரு மாணவர் இறந்தனர். வங்கத்தில் கோடை மாலைகளில் வடமேற்கிலிருந்து சீறி வரும் காற்று அது. வானம் கறுத்ததும் சில நிமிடங்களில் வந்துவிடும். அந்தத் துயரத்துக்குப் பின் காப்புப் படகு பற்றிய விவாதம் எழுந்தது. எரிபொருளால் ஓடும் படகு நீரையும் அதில் வாழும் உயிர்களையும் கெடுக்கும் என்பது ஒரு பக்கம். கவிழ்ந்த பிள்ளையை விரைந்து சென்று தூக்க வேறு வழி எது என்பது மறுபக்கம். இரண்டும் பொருளற்ற பேச்சல்ல. மீனையும் காக்க வேண்டும், பிள்ளையையும் காக்க வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளலாகாது. பயிற்சியின்போது காப்புப் படகும், நீந்தத் தெரிந்த பிள்ளைகளும், வானிலை அறிவிப்பைப் பார்க்கும் பொறுப்பாளரும் இருக்க வேண்டுமென்ற எண்ணம் இவ்விவாதத்தின் பயனாய் வலுப்பெற்றது.

அந்தத் தாயார் அங்கிருந்த பயிற்சியாளரிடம் மூன்று வினாக்கள் கேட்டார். என் மகன் நீந்தக் கற்றபின்தான் படகில் ஏற்றுவீர்களா? அவன் படகின் பின்னே காப்புப் படகு வருமா? வானத்தைப் பார்ப்பவர் யார்? பயிற்சியாளர் ஒவ்வொன்றுக்கும் நின்று விடை கூறினார். முதலில் நீச்சல், பிறகு படகு என்று அன்றே முடிவாயிற்று. அம்மகன் இப்போது நீச்சல் வகுப்பில் இருக்கிறான். இதோ முன்வரிசையில் அமர்ந்து எங்களைப் பார்த்து வெட்கப்படுகிறான். பிள்ளைகளை விளையாட்டுக்கு அனுப்பும் பெற்றோர் அனைவரும் இம்மூன்று வினாக்களையும் கேட்க வேண்டும். அச்சத்தால் வீட்டில் அடைப்பதும் தீர்வன்று. கேளாமல் அனுப்புவதும் அன்பன்று.

விளையாட்டும் உயிரினமும் ஒரே இடத்தில் வாழ்வது எளிதன்று என்பதற்கு இன்னும் ஒரு சான்று உண்டு. 2016-ல் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துப் போட்டியில், கொல்கத்தா அணி தன் உள்ளூர் ஆட்டங்களை இந்த ஏரிக்கரை அரங்கில் ஆடியது. இரவு ஆட்டத்துக்குப் பெருவிளக்குகள் வேண்டும். பல்லாயிரவர் முழக்கமும் உண்டு. அருகிலுள்ள மரங்களிலோ பறவைகள் உறங்க வேண்டும். இவ்வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. கால்பந்தை உயிராய் மதிக்கும் இந்நகரில், பறவையின் உறக்கத்துக்காகவும் வாதாட ஆளிருந்தனர் என்பதே எங்களை வியக்க வைத்தது.

இனி நம் பொங்கலுக்கு வருகிறோம். அதற்குமுன் சட் பூஜையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பீகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பிழைப்பு நாடி இந்நகருக்கு வந்த மக்கள், தீபாவளிக்குப் பின் ஆறாம் நாளில் நீரில் நின்று மாலைச் சூரியனுக்கும் மறுநாள் காலைச் சூரியனுக்கும் அர்க்கியம் தருவர். ஆண்டுகள் பலவாக இந்த ஏரியிலும் அது நடந்தது. ஏரியின் நலத்தை முன்னிட்டுத் தீர்ப்பாயம் 2017-ல் இங்குப் பூஜைகள் கூடாது என்று ஆணையிட்டது. ஆயினும் 2019-ல் பூட்டிய வாயில்களை உடைத்துக்கொண்டு கூட்டம் உள்ளே புகுந்தது. பின்னர் ஏரியில் மீன்களும் ஆமையும் செத்து மிதந்ததாகச் செய்திகள் வந்தன. 2020-ல் உச்சநீதிமன்றமும் தடையை விலக்க மறுத்தது. அவ்வாண்டு வாயில்கள் அடைபட்டே இருந்தன. மக்கள் வேறு நீர்த்துறைகளில் தம் கடனைச் செலுத்தினர்.

இச்செய்திகளை நம் வீடுகளில் அன்று எவ்வாறு பேசினோம் என்பதை நினைத்துப் பார்க்கிறோம். 'அவர்கள் அப்படித்தான்' என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். அவர்கள் யார்? நம்மைப் போலவே ஊரை விட்டு வந்தவர்கள். அவர்கள் வணங்கியது யாரை? பொங்கலன்று நாம் வணங்கும் அதே கதிரவனை. அவர்களுக்கு ஏரியில் இடமில்லை என்ற தீர்ப்பை நாம் மெச்சிவிட்டு, நம் அடுப்பையும் ஒலிபெருக்கியையும் அதே கரைக்குக் கொண்டுசெல்ல நினைத்தோம். அவர்களிடம் கண்ட பிழையை நம்மிடம் காணவில்லை. இதை ஏரிக்கரையில் நின்று உணர்ந்தபோது, எங்களுள் ஒருவரும் சிறிது நேரம் பேசவில்லை.

திரும்பி வந்து செயற்குழுவில் இவற்றைச் சொன்னோம். எதிர்ப்பும் இருந்தது, மறைப்பானேன்? எங்கள் மதிப்புக்குரிய மூத்த உறுப்பினர் ஒருவர், "காவிரிக் கரையில் பொங்கல் வைத்து வளர்ந்தவன் நான். நாற்பது ஆண்டாக மண்டபத்துக்குள் கேஸ் அடுப்பில் பொங்குவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டேன். ஒரு நாள் புகையால் ஏரி வற்றிவிடுமா?" என்று கேட்டார். அவர் குரலில் இருந்தது பிடிவாதமன்று, ஏக்கம். அந்த ஏக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. நீரும் கரையும் மரநிழலும் இல்லாமல் விழா முழுமையுறவில்லை என்ற குறை நம் நெஞ்சின் அடியில் கிடக்கிறது. அதற்கு நாங்கள் விடையாக வாதம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு எங்களுடன் ஏரிக்கு வாருங்கள் ஐயா என்று மட்டும் அழைத்தோம். வந்தார். ஒரு மணி நேரம் நடந்தார். 2020 மே மாதத்து ஆம்பன் புயலில் மரங்கள் பல சாய்ந்ததையும், அவற்றுள் சிலவற்றை நிமிர்த்தி மீண்டும் நட்டதையும் அங்கே கேட்டறிந்தார். பெயர்த்து நட்ட மரமும் வேர்பிடிக்கும் என்ற செய்தியில் அவர் நெடுநேரம் நின்றுவிட்டார். பிறகு அவரே வழி சொன்னார்.

அவர் சொன்னபடியே நடந்தது. பொங்கலன்று சங்கத்தின் முற்றத்தில் மூன்று கல் கூட்டி, புதுப்பானையில், விறகடுப்பிலேயே பொங்கல் வைத்தோம். மறுநாள் கனுவுக்குப் பெண்கள் அவரவர் மாடியில் மஞ்சளிலை பரப்பிப் பறவைகளுக்குச் சோறு வைத்தனர். காணும் பொங்கலன்று காலையில், எழுபது பேர் ஏரிக்குச் சென்றோம். ஒலிபெருக்கி இல்லை, பொட்டலம் இல்லை, பொரி இல்லை. காண்பதற்கென்றே ஒரு நாளை நம் முன்னோர் வைத்திருக்கிறார்கள். அன்று நாங்கள் கண்டோம். பனிமூட்டத்திடையே படகுகள் சென்றன. மரங்களில் சிறகடிப்பு மிகுந்திருந்தது. சிறுவர்கள் கண்ட பறவைகளின் பெயர்களைத் தமிழிலும் வங்காளத்திலும் குறிப்பேட்டில் எழுதினர். அக்குறிப்பேடு வாயிலருகே மேசைமீது உங்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. முன்பு எங்களைத் திருத்திய வங்காளப் பெரியவரும் எதிர்ப்பட்டார். பொரி எறிந்த சிறுமி ஓடிச் சென்று, விரித்த இரு கைகளையும் அவரிடம் காட்டினாள். அவர் அவள் தலையில் கைவைத்து வாழ்த்தினார். அவருக்குச் சர்க்கரைப் பொங்கலை அன்று மாலை வீட்டுக்கே கொண்டுசென்று கொடுத்தோம்.

அன்பர்களே! எங்கள் குழுவின் வேண்டுகோள் சிறிதே. ஒவ்வொரு குடும்பமும் மாதம் ஒருமுறையேனும் குழந்தைகளோடு அந்த ஏரியைச் சுற்றி வர வேண்டும். நீரில் எதையும் இடாமல் திரும்ப வேண்டும். நீந்தத் தெரியாத பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்க வேண்டும். காணும் பொங்கல் உலாவைச் சங்கத்தின் ஆண்டு நிகழ்ச்சியாக்க வேண்டும். அடுத்த ஆண்டு, நம் தெருவில் வாழும் பீகார் அன்பர்களையும் வங்காள அன்பர்களையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும். இவற்றைத் தீர்மானமாக ஏற்றுக்கொள்ளுமாறு அவையைப் பணிவுடன் வேண்டுகிறோம்.

நாம் இவ்வூருக்கு வந்தபோது இவ்வூர் நமக்கு வேலை தந்தது, வீடு தந்தது, பிள்ளைகளுக்குப் பள்ளி தந்தது. நாம் திருப்பித் தரக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை. நம் குழந்தைகளுக்கு இது வந்த ஊரன்று, பிறந்த ஊர். தாக்குரியாவின் அந்த நீர்தான் அவர்களுக்குக் காவிரி. அதைக் காவிரியென்று அவர்கள் எண்ணும்படி வளர்ப்பது நம் கையில் இருக்கிறது.

 இசையரங்கம் தொடங்கட்டும்.